நான்காவது டாக்டரைத் தேடும் ஒரு அம்மாவுக்கு

கேள்வி: என் மகளுக்கு 20 வயது. நான்கு வருடமாக வலிப்பு வருகிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறையாவது விழுந்துவிடுகிறாள். இதுவரை மூன்று நரம்பியல் டாக்டர்களைப் பார்த்துவிட்டோம். ஒருவர் எழுதிய மாத்திரையை அடுத்தவர் மாற்றுகிறார். இப்போது இரண்டு மாத்திரை சாப்பிடுகிறாள், பகலெல்லாம் தூங்கி வழிகிறாள். இ.இ.ஜி., எம்.ஆர்.ஐ. இரண்டுமே நார்மல் என்கிறார்கள். எல்லாம் நார்மல் என்றால் வலிப்பு ஏன் வருகிறது? அடுத்து யாரிடம் போவது? சரியான டாக்டர் இவர்தான் என்று எப்படித் தெரிந்துகொள்வது? சும்மா டாக்டரை மாற்றிக்கொண்டே இருக்காதே என்கிறார் என் கணவர்.

பதில்:

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மூன்று டாக்டர்கள், இரண்டு மாத்திரைகள், இரண்டு பரிசோதனைகள் எல்லாம் அதில் இருக்கின்றன. வலிப்பு எப்படி வருகிறது என்பது மட்டும் இல்லை. 'விழுந்துவிடுகிறாள்' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. இந்த நான்கு வருடத்தில் யாராவது உங்களை உட்காரவைத்து, விழுவதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தாள், முகம் எப்படி இருந்தது, எந்தக் கை முதலில் இழுத்தது என்றெல்லாம் கேட்டிருந்தால், அந்த விவரம் தானாகவே கடிதத்தில் வந்திருக்கும். யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது. எப்படிப்பட்ட டாக்டரைத் தேட வேண்டும் என்பதற்கு என் பதில் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

முதலில் அந்த 'நார்மல்' சங்கதியைப் பார்த்துவிடுவோம். இ.இ.ஜி. மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்வது, சாதாரணமாக 20, 30 நிமிடம் எடுக்கப்படுவது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும் திருடனைப் பிடிக்க அரை மணி நேரம் வாசலில் காவல் நிற்பது மாதிரி. திருடன் வராத நேரத்திலும் சில சமயம் காலடித் தடம் கிடைக்கும். அதுபோல, வலிப்பு இல்லாத நேரத்திலும் சிலருக்கு மூளையின் மின்னலைகளில் கூரான துடிப்புகள் தெரியும். ஆனால் வலிப்பு நோய் உள்ளவர்களிலேயே ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதல் இ.இ.ஜி. நார்மலாகத்தான் வரும். முந்தின இரவு தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு வரச் சொல்லி, தூங்கும்போதும் சேர்த்துப் பதிவு செய்தால் கண்டுபிடிக்கும் வாய்ப்பு கூடும். எம்.ஆர்.ஐ.யோ மூளையின் அமைப்பைப் படம் பிடிப்பது. மின்சாரத்தில்தான் கோளாறு, அமைப்பில் இல்லை என்றால் படம் சுத்தமாகவே இருக்கும். ஆக, 'நார்மல்' என்றால் வலிப்பு இல்லை என்று அர்த்தமில்லை. தேடிய இடத்தில் தேடிய நேரத்தில் அகப்படவில்லை, அவ்வளவுதான். இதை இரண்டு நிமிடத்தில் உங்களுக்குப் புரியவைத்திருக்கலாம். மூன்று பேரில் ஒருவர்கூடச் செய்யவில்லை என்பது எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது, நானும் அதே தொழிலில் இருப்பவன் என்பதால்.

பெரும்பாலும் வலிப்பைக் கண்டுபிடிப்பது கதையை வைத்துத்தான். அந்தக் கதையைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நானே செய்த தப்பைச் சொல்கிறேன்.

தொழில் தொடங்கிய புதிதில் 17 வயதுப் பெண் ஒருத்தியை அழைத்துவந்தார்கள். இரண்டு முறை விழுந்திருந்தாள், கை கால் இழுத்திருந்தது. கார்பமாசெபின் எழுதிக் கொடுத்தேன். நல்ல மருந்துதான், பலருக்கு அது போதும். இந்தப் பெண்ணுக்கு வலிப்பு நிற்கவில்லை. டோஸைக் கூட்டினேன். இன்னும் மோசமானது. ஐந்தாறு மாதம் கழித்து அவள் அம்மா வேறு ஏதோ பேச்சில், "காலையில இவ பல் தேய்க்கிறப்போ பிரஷ் கையை விட்டுத் தெறிச்சுப் போய் விழுது டாக்டர், அவ்வளவு அசட்டை" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அது அசட்டை இல்லை. எழுந்த கொஞ்ச நேரத்துக்குள் தோளும் கையும் ஒரு கணம் திடீரென்று வெட்டி இழுப்பது, பதின்ம வயதில் தொடங்கும் ஒரு வகை வலிப்பு நோயின் அடையாளம். அந்த வகைக்குக் கார்பமாசெபினும் ஃபெனிடாயினும் பல சமயம் ஆகாது, இழுப்பை அதிகமாக்கிவிடும். மருந்தை மாற்றினேன், சில வாரங்களில் பிரஷ் கையிலேயே நின்றது. ஆறு மாதமாக நோயை வளர்த்தது என் மாத்திரை. முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வி அது. அன்றிலிருந்து வலிப்பு என்று வரும் எல்லோரிடமும் பல் தேய்ப்பதைப் பற்றிக் கேட்கிறேன். சிலர் என்னைப் பல் டாக்டரோ என்று சந்தேகமாகப் பார்ப்பதும் உண்டு.

ஆகவே முதல் சந்திப்பில் டாக்டர் ஃபைலைப் புரட்டுவதை விட, யாரோடு பேசுகிறார் என்பதைக் கவனியுங்கள். வலிப்பு வந்தவருக்கு அது வந்தது பெரும்பாலும் நினைவிருக்காது. பார்த்தவர்தான் சாட்சி. நல்ல டாக்டர் அந்தச் சாட்சியை விடமாட்டார். பார்த்தவர் வரவில்லை என்றால் போனில் கூப்பிடுங்கள் என்பார். கண் திறந்திருந்ததா மூடியிருந்ததா, தலை ஒரு பக்கம் திரும்பியதா, எவ்வளவு நேரம், நாக்கின் ஓரத்தைக் கடித்துக்கொண்டாளா, தெளிந்த பிறகு எத்தனை நிமிடம் குழம்பியிருந்தாள், பேச்சு வர நேரமானதா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். விழாமல், ஆனால் சில விநாடி பேச்சு நின்று வெறித்துப் பார்க்கும் நேரங்கள் உண்டா, வயிற்றிலிருந்து ஏதோ கிளம்பி மேலே ஏறுவது போல இருக்கிறதா, எப்போதோ நடந்த காட்சி திரும்ப நடப்பது போலத் தோன்றுகிறதா என்றும் கேட்பார். இவை எல்லாம் சிறிய வலிப்புகளாக இருக்கலாம், குடும்பங்கள் பல வருடம் அதைச் சொல்லாமலே விட்டிருப்பார்கள். அடுத்த முறை வந்தால் செல்போனில் வீடியோ எடுத்து வரச் சொல்வார். முதலில் அவளைப் பத்திரமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், அப்புறம் எடுங்கள். முகமும் இரண்டு கைகளும் தெரிய எடுத்த ஒரு நிமிட வீடியோ, எனக்குச் சில சமயம் ஒரு மணி நேரப் பேச்சை மிச்சப்படுத்தியிருக்கிறது.

இவ்வளவு கேட்பதற்குக் காரணம் உண்டு. வலிப்பு மாதிரித் தெரிவதெல்லாம் வலிப்பு நோய் இல்லை. ரத்த அழுத்தம் சட்டென்று குறைந்து மயங்கி விழும்போதும் கை கால் வெட்டும். இதயத் துடிப்பில் கோளாறு இருந்தாலும் அப்படி நடக்கும், அதைத் தவறவிட்டால் ஆபத்து. மனதின் அழுத்தம் உடலில் வலிப்பாக வெளிப்படுவதும் உண்டு. எவ்வளவு மருந்து கொடுத்தும் நிற்காமல் சிறப்பு மையங்களுக்கு அனுப்பப்படுபவர்களில் ஏறக்குறைய 20 முதல் 30 சதவீதம் பேருக்கு இதுதான் என்று தெரியவரும். அது நடிப்பு இல்லை, அவர்கள் வேண்டுமென்று செய்வதும் இல்லை. சிகிச்சை உண்டு, ஆனால் அது வலிப்பு மாத்திரை இல்லை. இந்த வாய்ப்பைப் பற்றி ஒரு டாக்டர் பேச்செடுத்தால் 'என் மகளைப் பொய் சொல்கிறாள் என்கிறாரே' என்று எழுந்து வந்துவிடாதீர்கள். நாலு மாத்திரை எழுதுவதை விட அந்தப் பேச்சை எடுப்பது கடினம், எடுப்பவர் அக்கறையோடுதான் எடுக்கிறார்.

சரி, பொது நரம்பியல் டாக்டர் போதுமா, வலிப்புக்கென்றே தனிப் பயிற்சி பெற்றவரிடம் போக வேண்டுமா? பெரும்பாலோருக்குப் பொது நரம்பியல் டாக்டரே போதும். 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வை எங்கள் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதில் முதல் மாத்திரையிலேயே 47 சதவீதம் பேருக்கு வலிப்பு நின்றது. அது கேட்காதவர்களுக்கு இரண்டாவதை முயன்றபோது இன்னொரு 13 சதவீதம். அதற்குப் பிறகு மூன்றாவது, நான்காவது, கூட்டு மருந்து என்று எதை முயன்றும் கூடுதலாக நின்றது ஏறக்குறைய 4 சதவீதம் பேருக்குத்தான். அதன் பின் புதிய மருந்துகள் நிறைய வந்துவிட்டன, கணக்கின் போக்கு பெரிதாக மாறவில்லை. அதனால்தான் உலக வலிப்பு மருத்துவர்களின் சங்கம் 2010இல் ஒரு கோடு போட்டது: வகைக்கேற்ற இரண்டு மருந்துகளைச் சரியான அளவில், சரியாகச் சாப்பிட்டும் வலிப்பு நிற்கவில்லை என்றால், அது மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு. அந்தக் கோட்டைத் தாண்டியவரைச் சிறப்பு மையத்துக்கு அனுப்ப வேண்டும். நடைமுறையில் பத்து, பதினைந்து வருடம் தாமதமாக வருகிறவர்களைப் பார்க்கிறேன். ஒவ்வொரு வருடமும் 'இன்னொரு மாத்திரை பார்ப்போம்' என்றே போயிருக்கும்.

உங்கள் மகள் அந்தக் கோட்டருகே நிற்கிறாள். தாண்டிவிட்டாளா என்று கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. 'வகைக்கேற்ற', 'சரியான அளவில்' என்ற சொற்களில்தான் விஷயம் இருக்கிறது. என் 17 வயதுப் பெண்ணுக்குக் கார்பமாசெபின் தோற்றது கணக்கில் சேராது, அது நோய்க்கேற்ற மருந்தே இல்லை. குறைந்த டோஸில் இரண்டு வாரம் சாப்பிட்டு நிறுத்தியதும் கணக்கில் சேராது. அதனால் அடுத்து நீங்கள் போகும் இடம் வலிப்பில் தனித்தேர்ச்சி பெற்றவரிடமாக, முடிந்தால் வீடியோ இ.இ.ஜி. வசதி உள்ள மருத்துவமனையாக இருக்கட்டும் என்பேன். அங்கே சில நாட்கள் படுக்கவைத்து, கேமராவும் இ.இ.ஜி.யும் இரவு பகலாக ஓட, தேவைப்பட்டால் கண்காணிப்பிலேயே மருந்தைக் குறைத்து, வலிப்பு வரும்வரை காத்திருப்பார்கள். திருடனை அரை மணி நேரத்துக்குப் பதில் ஒரு வாரம் காத்திருந்து பிடிப்பது. எம்.ஆர்.ஐ.யையும் வலிப்புக்கான தனி முறையில், மெல்லிய துண்டுகளாகத் திரும்ப எடுப்பார்கள். 'நார்மல்' என்று வந்த படத்தில், எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர் பார்த்தபோது நினைவாற்றலுக்கான பகுதியில் சிறு தழும்பு தெரிந்தது உண்டு.

தழும்பு ஓரிடத்தில் மட்டும் இருந்து, வலிப்பும் அங்கிருந்துதான் புறப்படுகிறது என்றால் அறுவை சிகிச்சை என்ற வழியும் இருக்கிறது. காதோரப் பொட்டுப் பக்கத்து மூளைப் பகுதியிலிருந்து வரும் வலிப்புக்கு அறுவையையும் மாத்திரையையும் ஒப்பிட்டு 2001இல் வெளிவந்த ஆய்வில், ஒரு வருட முடிவில் நினைவு தப்பும் வலிப்பிலிருந்து விடுபட்டிருந்தவர்கள் அறுவைக்குத் தேர்வான குழுவில் 58 சதவீதம், மாத்திரைக் குழுவில் 8 சதவீதம். உங்கள் மகளுக்கு அறுவை தேவை என்று நான் சொல்லவில்லை, தேவைப்படாமலே போகலாம். ஆனால் அந்தப் பேச்சையே எடுக்கத் தெரியாத இடத்தில் அவள் இன்னும் நான்கு வருடம் இருக்கக் கூடாது.

அப்புறம் ஒன்று. 20 வயதுப் பெண்ணுக்கு வலிப்பு மருந்து எழுதுகிற டாக்டர், கர்ப்பத்தைப் பற்றிப் பேசாமல் எழுதக் கூடாது. கல்யாணம் ஆகவில்லையே, இப்போது எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம், பல டாக்டர்களும் அந்தத் தயக்கத்தில்தான் விட்டுவிடுகிறார்கள். வால்ப்ரோயேட் நல்ல வலிமையான மருந்து. ஆனால் கர்ப்ப காலத்தில் சாப்பிட்டால் 100 குழந்தைகளில் ஏறக்குறைய 10 பேருக்குப் பிறவிக் குறைபாடு வரலாம். பேச்சு, படிப்பு போன்ற வளர்ச்சிச் சிக்கல்கள் 30 முதல் 40 பேருக்கு வரலாம். அவள் சாப்பிடும் இரண்டில் அது ஒன்றா என்று மாத்திரை அட்டையில் பாருங்கள். ஒன்றாக இருந்தால் இன்றே நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் அடுத்தடுத்து வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டரிடம் கேளுங்கள், அவர் படிப்படியாக மாற்றுவார், அல்லது ஏன் மாற்ற முடியாது என்று காரணம் சொல்வார். லாமோட்ரிஜின் என்ற வலிப்பு மருந்தைச் சாப்பிடுகிறவர் கருத்தடை மாத்திரை தொடங்கினால் லாமோட்ரிஜினின் அளவு ரத்தத்தில் குறைந்துவிடும், நின்றிருந்த வலிப்பு திரும்பலாம். இதையெல்லாம் அவளிடமே நேராகப் பேசுபவர் வேண்டும்.

அவளிடம் தனியாகவும் பேச வேண்டும். டாக்டர் உங்களைப் பத்து நிமிடம் வெளியே இருக்கச் சொன்னால் வருத்தப்படாதீர்கள். எத்தனை மாத்திரையை விழுங்காமல் விட்டாள், எத்தனை மணிக்குத் தூங்குகிறாள், மனசு எப்படி இருக்கிறது என்பதெல்லாம் அம்மா பக்கத்தில் இருக்கும்போது வெளியே வராது. வலிப்பு உள்ளவர்களுக்கு மனச்சோர்வு அதிகம், லெவெடிராசிடம் போன்ற சில மருந்துகளே எரிச்சலையும் சோர்வையும் கொண்டுவரும். பகலெல்லாம் தூக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். 'வலிப்பு நின்றால் போதாதா, தூக்கம் ஒரு பெரிய விஷயமா' என்று எந்த டாக்டராவது சொன்னால், அவர் அவளுடைய நாளைப் பார்க்கவில்லை. தூக்கம் தாங்காமல்தான் பலர் மாத்திரையை ரகசியமாக விடுகிறார்கள், அதனால் வலிப்பு வருகிறது, அதற்கு டாக்டர் டோஸைக் கூட்டுகிறார், தூக்கம் இன்னும் கூடுகிறது. இந்தச் செக்கில் சுற்றியவர்கள் எத்தனையோ பேர்.

நீங்கள் கேட்க வேண்டியவை அதிகமில்லை. அவளுக்கு இருப்பது எந்த வகை வலிப்பு, அந்த வகைக்கு இந்த மருந்தை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள், இது கேட்காவிட்டால் அடுத்தது என்ன? இந்த மூன்றுக்கும் உங்களுக்குப் புரியும்படி பதில் வர வேண்டும். 'இன்னும் எனக்கே தெளிவாகத் தெரியவில்லை, அதற்காகத்தான் இந்தப் பரிசோதனை' என்பதும் நல்ல பதில்தான், சொல்லப்போனால் எனக்குப் பிடித்த பதில். இடையில் சந்தேகம் வந்தால் யாருக்குப் போன் செய்வது, வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினால் என்ன செய்வது என்பதை அவர் தாளில் எழுதித் தரட்டும். (தாண்டினால் ஆம்புலன்ஸ். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.) கேட்கச் சங்கடமான ஒன்றும் இருக்கிறது: வலிப்பினால் எதிர்பாராமல் உயிர் போகுமா? போகும், வலிப்பு நோய் உள்ள பெரியவர்களில் வருடத்துக்கு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவருக்கு. கட்டுக்குள் வராத பெரிய வலிப்பு, அதிலும் இரவில் வருவது, ஆபத்தைக் கூட்டுகிறது. இதை மறைக்காமல், பயமுறுத்தாமல் சொல்லத் தெரிந்தவர் என்றால் நம்பிப் போகலாம். காத்திருப்போர் கூட்டம், பட்டங்களின் நீளம், இணையத்தில் நட்சத்திரங்கள் இவற்றை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நிச்சயம் குணமாக்கிவிடுவேன் என்று முதல் நாளே சொல்பவரிடம் மட்டும் போகாதீர்கள்.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. காகிதம் இல்லாமல் மாறினால் ஒவ்வொரு டாக்டரும் ஒன்றிலிருந்து தொடங்குவார், தோற்ற மருந்தையே திரும்ப எழுதுவார். ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எந்த மாத்திரை, எப்போது தொடங்கி எப்போது நின்றது, அதிகபட்சம் எவ்வளவு மில்லிகிராம், நிறுத்தியது பலன் இல்லாததாலா, பக்க விளைவாலா. எம்.ஆர்.ஐ.யின் அறிக்கை மட்டும் போதாது, படங்கள் உள்ள சி.டி.யும் வேண்டும். இப்போதைய டாக்டரிடமே சொல்லி, சிறப்பு மருத்துவருக்கு ஒரு கடிதம் கேளுங்கள். கோபித்துக்கொள்வார் என்று பயப்படாதீர்கள், பெரும்பாலும் கோபம் வராது, வந்தாலும் அது எங்கள் பாடு.

புதிய டாக்டருக்கு நேரமும் கொடுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருகிற வலிப்பு மூன்று வாரம் வரவில்லை என்றால் மருந்து வேலை செய்கிறது என்று ஆகாது, மூன்றாவது வாரம் வந்துவிட்டால் தோற்றுவிட்டது என்றும் ஆகாது. முன்பு இருந்த மிக நீண்ட இடைவெளியின் மூன்று மடங்கு அல்லது 12 மாதம், இதில் எது அதிகமோ அவ்வளவு காலம் வராமல் இருந்தால்தான் வலிப்பு நின்றதாக நாங்கள் கணக்கெடுக்கிறோம். மருந்தின் போக்கைப் பார்க்கவே ஐந்தாறு மாதமாவது வேண்டும்.

சந்திப்புக்குத் தேதி கிடைக்கச் சில வாரங்கள் ஆகலாம். அதுவரை அவளுக்கு வந்த கடைசி வலிப்பை, பார்த்தவர் வாயால் கேட்டு, ஆரம்பம் முதல் தெளிந்தது வரை ஒரு பக்கம் எழுதிவையுங்கள். நாளைக் காலையில் அவள் பல் தேய்க்கும்போது, ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று அவள் கையைப் பாருங்கள். பார்த்ததை அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.